விளக்கு அணைந்ததா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுப்பினார். "மொட்டை மாடி லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சிக்கிட்டே இருக்கு, என்னன்னு பாரு." போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் மாடி விளக்கு 'ஆஃப்' என்றுதான் இருந்தது. இரவு பத்தரைக்கு அணைத்ததாகப் பதிவும் இருந்தது. மேலே போய்ப் பார்த்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. போனிலிருந்து ஆன் செய்து ஆஃப் செய்தேன், விளக்கைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்சான ரிலே டக் டக் என்று சத்தம்கூடப் போட்டது, விளக்கு மட்டும் அசையவில்லை. கடைசியில் ஃபியூஸைப் பிடுங்கித்தான் அணைத்தேன்.

எங்கள் வீட்டில் மாடி, வாசல், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று ஆறு இடங்களில் 12 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில் எரியும் விளக்குகள். சோலார் பேனலும் ஒரு லெட் ஆசிட் பேட்டரியும் உண்டு. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று பார்த்துக்கொள்கிறது. நடுவில், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த நீல நிற ரிலேக்கள் எட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் போர்டு. செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். செய்ய நினைப்பவர்கள் அதைவிட அதிகம் இருப்பீர்கள். அன்று இரவு என்ன நடந்தது என்று துருவிக்கொண்டே போனதில், இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் எவ்வளவு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

காலையில் அந்த ரிலேயைப் போர்டிலிருந்து கழற்றி, நீல மூடியின் அடி விளிம்பைப் பிளேடால் அறுத்துத் திறந்தேன். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயில், அதன் தலைமேல் ஒரு சின்ன இரும்புத் தகடு, தகட்டோடு சேர்ந்து ஆடும் மெல்லிய பித்தளை நாக்கு, நாக்கின் நுனியில் மிளகில் பாதி அளவு வெள்ளிக் குமிழ். கான்டாக்ட் என்பது இந்தக் குமிழ்தான். இது எதிரே இருக்கும் இன்னொரு குமிழைத் தொட்டால் விளக்கு எரியும், விலகினால் அணையும். என் ரிலேயில் காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோதும் இரண்டு குமிழ்களும் விலகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் கரி படிந்திருந்தது, நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பளபளப்பான பொட்டு. அங்கேதான் இரண்டும் உருகி ஒட்டியிருந்தன. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக நெம்பினேன், 'டிக்' என்று விட்டது. இரும்புத் தகடு அசையும்போது சத்தம் வரத்தான் செய்யும், பித்தளை நாக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் நுனி ஒட்டியபடியே இருக்கும். கேட்ட சத்தத்தை வைத்து விளக்கு அணைந்துவிட்டது என்று நம்ப முடியாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

12 வோல்ட்டில் ரிலே உருகி ஒட்டுமா என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 12 வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது, கையால் தொடலாம், அந்தத் தைரியம்தான் நம்மை ஏமாற்றுகிறது. வோல்டேஜ் குறைந்தால் அதே வெளிச்சத்துக்குக் கரண்ட் ஏறும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ரக ஸ்ட்ரிப், அதாவது விளக்குப் பட்டை, மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். ஐந்து மீட்டர் சுருள் ஒன்றுக்கு 72 வாட். 230 வோல்ட்டில் 72 வாட் என்பது மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர்கூட இல்லை, 12 வோல்ட்டில் அதுவே 6 ஆம்பியர். சூடு, ஒயர் தாங்குவது, கான்டாக்ட் தேய்வது எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கரண்ட்தான். ஷாக் பயம் போன இடத்தில் தீ பயம் வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை.

அப்படியானால் ஏன் டிசி? எல்இடி பிறப்பிலேயே டிசியில் எரிவது, பேட்டரி டிசி, சோலார் பேனலும் டிசி. நடுவில் இன்வெர்ட்டரை வைத்து 230 வோல்ட் ஏசி ஆக்கி, அதை விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் மறுபடி டிசி ஆக்குவது என்றால் இரண்டு இடத்தில் நஷ்டம். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீட்டுக்குள் 48 வோல்ட் டிசி லைனையே கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்காக வேலை செய்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அவர்கள் 12 வோல்ட்டை விட்டு 48-ஐ எடுத்ததற்குக் கரண்ட் ஒரு முக்கியக் காரணம். அதே 72 வாட் அங்கே ஒன்றரை ஆம்பியர்தான். ஆனால் ரிலேயைப் பொறுத்தவரை 48 வோல்ட் வேறு ஒரு தலைவலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரிலே எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். ராஸ்பெர்ரி பையின் ஒரு பின், அதாவது இணைப்புக் கால், 3.3 வோல்ட் கொடுக்கும், அதிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டில் 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் வரை எடுத்தால் நல்லது. ஒரு சின்ன எல்இடிக்கு இது போதும், 6 ஆம்பியர் ஸ்ட்ரிப்புக்கு எந்த மூலைக்கு? அதனால் சின்னக் கரண்ட் இன்னொரு பெரிய கரண்டைத் திறந்துவிட வேண்டும். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டியது இதைத்தான். நீண்ட கம்பியில் வந்து களைத்துப்போன கரண்ட் ஒரு மின்காந்தத்தை மட்டும் இழுக்கும், அந்த மின்காந்தம் பக்கத்திலிருக்கும் புது பேட்டரியின் சுவிட்சைப் போடும். ரிலே ரேஸில் ஓடிக் களைத்தவர் கட்டையை அடுத்தவர் கையில் கொடுப்பது போல. தந்தி இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போனது. 1941-இல் பெர்லினில் கான்ராட் சூசா செய்த கம்ப்யூட்டரே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்களால் ஆனது. அன்று ரிலே கணக்குப் போட்டது, இன்று கணக்குப் போடும் சில்லு ரிலேயை இயக்குகிறது.

நான் இதை முதலில் செய்தது கல்லூரி லேபில், பழைய கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டை வைத்து. 25 பின் கொண்ட அந்தப் போர்ட்டில் 2 முதல் 9 வரை எட்டு டேட்டா பின்கள். டர்போ சி என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில் 378 என்ற ஹெக்சா முகவரிக்கு ஒரு எண்ணை அனுப்பினால் அந்த எண்ணின் எட்டு பிட்டும் எட்டுப் பின்களில் 5 வோல்ட்டாக வந்து நிற்கும். 255 அனுப்பினால் எல்லாம் எரியும், பூஜ்யம் அனுப்பினால் எல்லாம் அணையும். கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு பொருள் என் சொல்லைக் கேட்டு நடந்த முதல் நாள் அது, இன்னும் மறக்கவில்லை. அப்புறம் விண்டோஸ் எக்ஸ்பி வந்து புரோகிராம்கள் நேரடியாகப் போர்ட்டைத் தொடுவதைத் தடுத்தது, அடுத்த தலைமுறை லேப்டாப்களில் அந்தப் போர்ட்டே காணாமல் போனது.

காயில் பக்கத்துக்கு வருவோம். போர்டில் இருக்கும் 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், எடுப்பது சுமார் 71 மில்லி ஆம்பியர். கம்ப்யூட்டரின் பின்னிலிருந்து நேரடியாக இதைக் கொடுக்க முடியாது, நடுவில் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 போட்டவர்கள் உண்டு, அதன் எல்லை 100 மில்லி ஆம்பியர், ஓட்டலாம், ஆனால் மூச்சு முட்ட ஓட்டுவது. நம் ஊரில் ஒரு காலத்தில் எல்லா லேபிலும் கிடந்த தகர மூடி எஸ்எல்100 இதைச் சுலபமாகத் தாங்கும். எட்டு ரிலே என்றால் யுஎல்என் 2803 சில்லு ஒன்று போதும். உள்ளே எட்டு டார்லிங்டன் ஜோடிகள் (இரட்டை டிரான்சிஸ்டர்கள்), ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடும் உள்ளேயே இருக்கிறது.

அந்த டயோடு ஏன் முக்கியம் என்றால், காயில் என்பது கரண்ட் திடீரென்று நிற்பதை ஒப்புக்கொள்ளாத பொருள். ஓடிக்கொண்டிருக்கும் 71 மில்லி ஆம்பியரை டிரான்சிஸ்டர் சட்டென்று வெட்டினால், காந்தப் புலம் சரியும் வேகத்தில் காயிலின் முனையில் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் எகிறும். 5 வோல்ட் சர்க்யூட்டில் அது பிறந்து டிரான்சிஸ்டரைத் துளைக்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி வைத்தால் அந்தக் கரண்ட் டயோடு வழியாகச் சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கரண்ட் மெதுவாக அடங்குவதால் ரிலேயும் சில மில்லி விநாடி தாமதமாக, சோம்பலாகத் திறக்கும். கான்டாக்ட் சோம்பலாகப் பிரிந்தால் பொறி அதிக நேரம் நிற்கும். பெரிய லோடுகளில் டயோடோடு தொடராக ஒரு ஜீனர் டயோடையும் சேர்ப்பது அந்தக் கரண்டைச் சீக்கிரம் அடக்கத்தான். 12 வோல்ட் வீட்டு விளக்குக்கு அந்த அளவு தேவையில்லை.

இன்னொரு கணக்கு. எட்டு ரிலேயும் ஒரே நேரத்தில் இழுத்தால் 570 மில்லி ஆம்பியர். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க ஒப்புக்கொண்டது 500. ஏழு விளக்கு வரை நன்றாக இருந்துவிட்டு எட்டாவதைப் போடும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது என்று பலர் திண்டாடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான், புரோகிராமில் தவறு தேடிப் பயனில்லை.

வெயிலும் ஒரு காரணம். ரிலே இழுக்க ஆரம்பிக்க அதன் வோல்டேஜில் 75 சதவீதம் வேண்டும், அதாவது 5 வோல்ட் ரிலேக்கு 3.75. இது 20 டிகிரியில் சொன்ன கணக்கு. செப்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். கத்திரி வெயிலில் மாடிப்படி உச்சியில் வைத்த பெட்டிக்குள் காயில் 60 டிகிரிக்குப் போனால் இழுக்கவே சுமார் 4.35 வோல்ட் தேவைப்படும். யுஎல்என் சில்லு தன் பங்குக்கு 0.9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் காயிலுக்குக் கிடைப்பது 4.1. போதாது. ஜனவரியில் குறையில்லாமல் ஓடிய ஏற்பாடு மே மாதம் மதியம் மட்டும் அடம்பிடிப்பது இப்படித்தான். பேட்டரியே 12 வோல்ட் இருக்கும்போது 12 வோல்ட் காயில் ரிலே வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. 0.9 போனாலும் 11.1 இருக்கும். காயில் கரண்டும் 30 மில்லி ஆம்பியராகக் குறையும், எட்டும் சேர்ந்தால் கால் ஆம்பியர் தாண்டாது, அதுவும் நேராகப் பேட்டரியிலிருந்து வருவதால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குச் சுமையே இல்லை.

சரி, இப்போது கான்டாக்ட். கட்டுரையின் கனமான பகுதி இதுதான்.

அந்த நீல மூடியின் மேல் அச்சடித்திருப்பதை உற்றுப் படியுங்கள். 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி என்று ஒரு வரி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி என்று இன்னொரு வரி. அதே குமிழ், அதே இடைவெளி, ஏசியில் 250 தாங்குவது டிசியில் ஏன் 30-க்கு இறங்குகிறது? கரண்ட் ஓடும்போது கான்டாக்ட் பிரிந்தால், கடைசியாகத் தொட்டிருந்த புள்ளி கொதித்து ஆவியாகி, அந்த ஆவி வழியே கரண்ட் தொடர்ந்து பாயும். அதுதான் ஆர்க், வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிப்பதும் அதுவே. நம் வீட்டு ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது, ஆகவே ஆர்க் பிறந்தாலும் அடுத்த நூறில் ஒரு நொடிக்குள் பட்டினி கிடந்து அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யமே இல்லை. இடைவெளி போதுமான அளவு அகலும் வரை ஆர்க் நிற்கும். இந்த ரிலேயில் அகலுவதற்கு இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

வெள்ளிக் கான்டாக்டில் ஆர்க் உயிரோடு இருக்க ஏறக்குறைய 12 வோல்ட்டும் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான கரண்டும் வேண்டும். நம் 12 வோல்ட் விளக்குகள் சரியாக அந்த விளிம்பில் நிற்கின்றன, அணைக்கும்போது ஒரு பொறி தெறித்து அடங்கிவிடும். 24 வோல்ட்டில் ஆர்க் நிற்கத் தொடங்கும். 48-க்குப் போனால் ஏசிக்கென்று செய்த சாதாரண ரிலேயும் சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சும் நம்பத்தகுந்தவை அல்ல, இடைவெளி அதிகமுள்ளவை வேண்டும், அல்லது ஆர்க்கைக் காந்தத்தால் ஊதித்தள்ளும் ரிலே வேண்டும், அல்லது டிரான்சிஸ்டரிடம் விட்டுவிட வேண்டும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கார்களின் மின்சாரத்தை 42 வோல்ட்டுக்கு மாற்றலாம் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள், அந்தப் பேச்சு தேய்ந்துபோனதற்கு இந்த ஆர்க்கும் ஒரு காரணம்.

டிசிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒவ்வொரு பொறியிலும் துளி உலோகம் ஒரு குமிழிலிருந்து மற்றதுக்குத் தாவும். ஏசியில் இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று சரியாகிவிடும். டிசியில் எப்போதும் ஒரே திசை. என் ரிலேயை நெம்பிப் பிரித்தபின் பார்த்தால் ஒரு குமிழில் குழி, எதிரே இருந்ததில் அந்தக் குழிக்குள் பொருந்தும்படி ஒரு கூம்பு. ஆறு மாதம் தினமும் ஒட்டி விலகியதில் ஒன்று கரைந்து இன்னொன்று வளர்ந்திருக்கிறது. கூம்பு குழிக்குள் பூட்டுப் போலச் சிக்கிக்கொள்வதற்கும் அதுவே வழி.

ஆனால் அன்று ஒட்டியது திறக்கும்போது அல்ல, மூடும்போது. மாடியில் இருந்தது எல்இடி ஃபிளட் லைட், உள்ளே டிரைவர், டிரைவரின் வாசலில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர். காலியாக இருக்கும் கெபாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். பின்னால் இருப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடிய லெட் ஆசிட் பேட்டரி, தடுப்பது ஒயரின் தடை மட்டும்தான். சில மில்லி விநாடிக்குள் பத்துக் கணக்கான ஆம்பியர் பாய்ந்துவிடும். விளக்கின் மேல் எழுதியிருந்தது 3 ஆம்பியர், ரிலேயில் எழுதியிருந்தது 10 ஆம்பியர், மூன்று மடங்கு இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். இதில் இன்னொரு சங்கதி, கான்டாக்ட் ஒரே முறை தொட்டு நிற்பதில்லை, தரையில் விழுந்த பந்து போலச் சில முறை துள்ளித்தான் நிற்கும். அந்தத் துள்ளலுக்கு நடுவே இவ்வளவு கரண்ட் பாய்ந்தால் குமிழின் மேற்பரப்பு உருகும், உருகிய நிலையில் மறுபடி அழுந்தும், அப்படியே ஆறும். ஸ்பாட் வெல்டிங் செய்வது இப்படித்தான்.

குண்டு பல்பும் இதில் சளைத்தது இல்லை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ பதினைந்தில் ஒரு பங்கோதான். வண்டி இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு எரிவது 1.75 ஆம்பியரில், ஆனால் போட்ட முதல் கணம் 20 ஆம்பியரைத் தொட்டுவிட்டு இறங்கும். கார் ரிலேக்கள் முரட்டுத்தனமாக இருப்பதற்கு இதுவும் காரணம். 30, 85, 86, 87 என்று கால்களில் எண் போட்ட அந்தக் கறுப்புப் பெட்டி வண்டி ஸ்பேர் கடையில் எங்கும் கிடைக்கும், டிசிக்கென்றே பிறந்தது, 12 வோல்ட் விளக்குக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை. காயில் மட்டும் 150 மில்லி ஆம்பியர் வரை கேட்கும், அது யுஎல்என் சில்லுக்குப் பெரிய விஷயம் இல்லை. வெள்ளியோடு டின் ஆக்சைடு கலந்த கான்டாக்ட் உள்ள ரிலே கிடைத்தால் அது ஒட்டுவது இன்னும் குறைவு. லைனில் தொடராக சூடேறினால் தடை குறையும் ஒரு என்டிசி தெர்மிஸ்டர் போட்டால் அந்த முதல் பாய்ச்சலே அடங்கும். புரோகிராமிலும் ஒரு வேலை உண்டு: ஆறு விளக்கையும் ஒரே நேரத்தில் போடாமல் கால் நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஒயர் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் 6 ஆம்பியர் ஸ்ட்ரிப்புக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்தால், போகவும் வரவும் இருபது மீட்டர், தடை 0.23 ஓம், வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மும்மூன்று எல்இடியாகத் தொடரில் இருக்கும், அவை மட்டுமே ஒன்பது வோல்ட்டுக்கு மேல் எடுக்கும், மிச்சமிருக்கும் இரண்டே முக்கால் வோல்ட்டுக்குள்தான் ரெசிஸ்டர் கரண்டைத் தீர்மானிக்கிறது. அதில் 1.4 போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதி. ஸ்ட்ரிப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஸ்ட்ரிப்பின் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4 ஸ்கொயர் போட்டால் நஷ்டம் அரை வோல்ட்டில் நிற்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஃபியூஸ் வேண்டும், மொத்தத்துக்கு ஒன்று பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற யாருமில்லை, அதனால்தான் அந்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும்.

ரிலேதான் வேண்டுமா, அசையும் பாகமே இல்லாமல் சுவிட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போதாதா என்பது நியாயமான கேள்வி. ஐஆர்எல்இசட் 44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் 6 ஆம்பியரைச் சுமார் ஒரு வாட் சூட்டோடு ஓட்டிவிடும், சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விட்டுவிட்டு எரிய வேண்டிய இடத்தில் ரிலேயை நினைக்கவே கூடாது. லோடோடு இந்த வகை ரிலேயின் ஆயுள் ஒரு லட்சம் முறை. கோயில் திருவிழா சீரியல் செட் போல நொடிக்கு ஒரு முறை எரிந்து அணைய வைத்தால், ஒரு ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் 18,000 முறை. ஆறாம் நாள் திருவிழா முடிவதற்குள் ரிலே முடிந்துவிடும். ஆனால் வாசல் விளக்கு ஒரு நாளைக்கு நாலு முறை எரிந்து அணைகிறது, அந்தக் கணக்கில் ரிலே நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். அதோடு ரிலேயில் பிளஸ் லைனை வெட்டுவது சுலபம். மேலே சொன்ன மாஸ்ஃபெட்டை வழக்கமாகப் போடும் விதத்தில் மைனஸ்தான் வெட்டுப்படும், அணைந்த விளக்கிலும் பிளஸ் நின்றுகொண்டே இருக்கும், மழையில் நனையும் மாடி விளக்குக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கமும் பேட்டரி பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் காந்தம் மட்டும் நடுவில் நிற்பதும் ரிலேயில் கிடைக்கும் நிம்மதி. கெட்டுப்போனால் மாஸ்ஃபெட்டும் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே கெடும், ஆக அணையாத விளக்கு என்ற பிரச்சினையிலிருந்து அதுவும் தப்பவில்லை.

கம்ப்யூட்டர் உயிர் பெறும் கணத்தையும் யோசிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் போர்டுகளில் பெரும்பாலானவை தலைகீழ், பின் பூஜ்யத்துக்குப் போனால்தான் ரிலே இழுக்கும். ஆர்டுயினோவில் ஒரு பின்னை அவுட்புட் என்று அறிவித்த உடனே அது பூஜ்யத்தில் நிற்கும், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் எட்டு ரிலேயும் சேர்ந்து ஒரு முறை இழுத்துவிட்டு விடும். முதலில் ஒன்று என்று எழுதிவிட்டுப் பிறகு அவுட்புட் என்று அறிவித்தால் இது நடக்காது, இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும். ராஸ்பெர்ரி பைக்கு 3.3 வோல்ட் என்பதால் போர்டில் இணைப்புத் துண்டாக இருக்கும் ஜம்ப்பரைக் கழற்றி, சிக்னல் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் காயில் பக்கத்துக்கு அதற்குரிய வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. அப்புறம், கம்ப்யூட்டர் செத்தால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டு மாடிப்படி விளக்கை, காயிலில் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் கான்டாக்டில் இணைத்திருக்கிறேன். எல்லாம் நின்றாலும் அது எரியும். மற்ற விளக்குகளுக்கு ரிலேயோடு பக்கவாட்டில் ஒரு சாதாரண சுவிட்ச், போடுவதற்கு அம்மா போனைத் தேட வேண்டியதில்லை.

மீண்டும் அன்றைய இரவுக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, அது தான் கொடுத்த கட்டளையைத்தான் விளக்கின் நிலை என்று காட்டியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரயில்வே சிக்னலில் இந்த இடைவெளியை யாரும் அனுமதிப்பதில்லை. இந்திய ரயில்வேயில் பரவலாக உள்ள க்யூ வகை சிக்னல் ரிலே 24 வோல்ட் டிசியில் ஓடுவது, அதில் ஒரு பக்கக் கான்டாக்ட் உலோகம், எதிர்ப்பக்கம் கார்பன். கார்பன் உருகி ஒட்டாது, ஆகவே கான்டாக்ட் பற்றவைத்துக்கொள்ளும் வழியே அடைபடுகிறது. கரண்ட் போனால் எடையே தகட்டைக் கீழே இறக்கிவிடும். அதோடு விடுவதில்லை, விளக்குக்குப் போகும் கரண்ட் இன்னொரு ரிலேயின் காயில் வழியாகத்தான் போகும். விளக்கு எரிந்தால்தான் அந்த ரிலே நிற்கும், சிவப்பு விளக்கு ஃபியூஸ் ஆனால் அது விழும், விழுந்ததும் அதற்கு முந்தைய சிக்னல் சிவப்புக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் வந்து இன்டர்லாக்கிங் (சிக்னல்களும் தண்டவாளப் பிரிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாகாமல் பூட்டும் ஏற்பாடு) மாறிய பிறகும், கட்டளை கொடுத்தோம் என்பதோடு நிற்காமல் ரிலே உண்மையில் என்ன நிலையில் இருக்கிறது என்று திரும்பப் படித்துப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள்.

நான் செய்தது அதன் ஏழை வடிவம். ஒவ்வொரு ரிலேயின் வெளியேறும் முனையிலிருந்தும் ஒரு 39 கிலோ ஓம், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ராஸ்பெர்ரி பையின் இன்னொரு பின்னுக்கு ஒரு ஒயர். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட்டுக்குப் போனாலும் பின்னுக்கு வருவது 2.9 வோல்ட்தான். கட்டளை கொடுத்து அரை நொடி கழித்து அந்தப் பின்னைப் படிக்கும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் போனுக்குச் செய்தி வரும். மாடி விளக்குக்குக் கார் ரிலேயும் தெர்மிஸ்டரும் போட்டேன். திரையில் இப்போது இரண்டு வரி: கேட்டது, கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை செய்தி வந்தது. கிணற்றடி விளக்கு, கேட்டது ஆன், கிடைத்தது ஆஃப். ரிலே கெட்டிருக்குமோ என்று பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். ரிலே நன்றாகத்தான் இருந்தது, அதற்கு முன்னால் இருந்த ஃபியூஸ் ஹோல்டரின் பிடி தளர்ந்து, பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறி, தொட்டால் சுட்டது.